கரி பிடிக்கவில்லை, அடுப்பில் பூஞ்சை பூத்தது: சிங்கப்பூரில் முதல் ஸ்மோக்கர் வாங்குபவர்களுக்கு

சென்ற ஆண்டு யாரோ பயன்படுத்திய ஸ்மோக்கர் ஒன்றை 150 வெள்ளிக்கு வாங்கினேன். கரியின் மெல்லிய சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மணிக்கணக்கில் வேகவைக்கும் அடுப்பு அது. நின்ற வாக்கில் உருளையாக இருக்கும், நடுவில் தண்ணீர்த் தட்டு வைக்கும் வகை. குறுக்களவு 47 சென்டிமீட்டர். முதல் நாளே ஆட்டுத்தொடையை மசாலாவில் ஊறவைத்து, உறவுக்காரர்கள் பதினான்கு பேரைக் கூப்பிட்டுவிட்டேன். கரி இரண்டு மணி நேரம் பிடிக்கவே இல்லை. பிடித்ததும் அணைந்தது. அன்று எல்லாரும் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டார்கள். தொடை அக்காவின் குக்கருக்குப் போனது. வந்த கோபத்தில் அடுப்பைச் சாம்பலோடு மூடி, உறையை மாட்டி மூலையில் தள்ளினேன். டிசம்பர் மழை முழுக்க அங்கேயே நின்றது. பிப்ரவரியில் மூடியைத் திறந்தால் கம்பித்தட்டில் வெள்ளையும் பச்சையுமாக ரோமம் முளைத்திருக்கிறது.

இரண்டு கூத்துக்கும் காரணம் ஒன்றுதான்: ஈரம். நான் பார்த்துக் கற்றுக்கொண்ட காணொளிகள் எல்லாம் வறண்ட ஊர்க்காரர்கள் எடுத்தவை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். அங்கே சொல்லும் பாதி அறிவுரை இங்கே தலைகீழாகிவிடும். நான் பட்ட பாட்டை நீங்களும் படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. அடுப்பு வாங்குமுன் இடத்தை உறுதி செய்யுங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் வாசலில் கரி மூட்ட முடியாது. பொதுத் தாழ்வாரம் தீ விபத்தின்போது எல்லாரும் தப்பி ஓடும் வழி. அடுப்பைச் சும்மா நிறுத்தி வைப்பதற்கும் கணக்கு உண்டு: ஆள் நடக்க 1.2 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். சன்னலைத் திறந்துவைத்து வீட்டுக்குள்ளேயே மூட்டினால் என்ன என்று யோசிக்கவே வேண்டாம். எரியும் கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை விடும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. மயக்கம் வரும்வரை தெரியாது.

கொண்டோவில் இருந்தால் நிர்வாக அலுவலகத்திடம் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். உங்கள் முற்றத்திலோ பால்கனியிலோ கரி மூட்டலாமா? பொது பார்பிக்யூ குழிக்கு முன்பணம் எவ்வளவு? எத்தனை மணிக்குள் அணைக்க வேண்டும்? வாய்வார்த்தையாகக் காவலாளியிடம் கேட்டுவிட்டு 200 வெள்ளிக்கு அடுப்பு வாங்கிவிடாதீர்கள்.

தரைவீடு என்றால் பிரச்சினை குறைவு. நானும் வீவக வீட்டில்தான் இருக்கிறேன். ஸ்மோக்கர் அக்காவின் பின்முற்றத்தில் குடியிருக்கிறது. அது வாடகை வீடு என்பதால் அத்தான் வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பதிலைப் பத்திரமாக வைத்திருக்கிறார். நீங்களும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இடம் எதுவும் இல்லையா? ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், வெஸ்ட் கோஸ்ட் போன்ற பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் பார்பிக்யூ குழிகள் இருக்கின்றன. இணையத்தில் பதிவு செய்து, கட்டணம் கட்டி, அனுமதிச் சீட்டைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போகலாம். ஜூனிலும் ஆண்டுக் கடைசியிலும் பள்ளி விடுமுறை. வாரக்கடைசிக் குழிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். அங்கே ஸ்மோக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் வைத்து மூட்டலாம் என்று நினைக்காதீர்கள், குறித்த குழிக்கு வெளியே நெருப்பு கூடாது. ஆனால் கரி மூட்டிப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்மோக்கர் வாங்குமுன் இரண்டு முறையாவது அங்கே பழகுங்கள். நான் பழகவில்லை.

2. என்ன வாங்க வேண்டும், எவ்வளவு ஆகும்

என் செலவு இப்படி ஆனது: அடுப்பு 150 வெள்ளி, கரி மூட்டும் சிம்னி 30, இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி 20, தடித்த தோல் கையுறை 15, மூடியுள்ள உலோக வாளி 20, உறை 40. இதில் உறை தண்டம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வாளியும் சிம்னியும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

சிம்னி என்றால் கைப்பிடி வைத்த ஒரு தகரக் குழாய்தான், அடியில் கம்பி வலை இருக்கும். கீழே தாளைக் கொளுத்தினால் சூடான காற்று மேலே ஏறும். அது ஏற ஏறக் கீழிருந்து புதுக்காற்று உள்ளே இழுபடும். ஊதவும் வேண்டாம், விசிறவும் வேண்டாம்.

பழைய அடுப்பு வாங்கினால் மூடியின் மேல் உள்ள வெப்பமானியை நம்பாதீர்கள். என்னுடையது கொதிக்கும் தண்ணீரில் வைத்தபோது 80 டிகிரி காட்டியது. காற்றுத் துளைகளைத் திருகிப் பாருங்கள். துருப்பிடித்து அசையாத துளை இருந்தால் அடுப்பை வாங்காதீர்கள். வெளிப்பூச்சு மங்கியிருந்தால் பரவாயில்லை, காசைக் குறைத்துக் கேளுங்கள்.

3. கரி: இங்கேதான் நான் விழுந்தேன்

மாமாக் கடையிலும் பேரங்காடியிலும் சாதாரணமாகக் கிடைப்பது சதுப்புநில மரக்கரி. மலேசியாவின் கோலா செப்பெத்தாங் பகுதியில் இந்தக் கரியைச் சுடும் சூளைகள் இருக்கின்றன. நல்ல சூடு தரும், சீக்கிரம் பற்றும். ஆனால் ஒரு துண்டு கை நீளம் இருந்தால் அடுத்தது சுண்டுவிரல் அளவு, சூடு ஒரே சீராக நிற்காது. சத்தே சுடுவதற்கு அது போதும். ஐந்தாறு மணி நேரம் மெல்லப் புகைபோட, ஒரே அளவாக அழுத்திச் செய்த பிரிக்கெட் கரிதான் சரி. தேங்காய் ஓட்டில் செய்த பிரிக்கெட்டும் வரும். விலை கூடுதல், சாம்பல் குறைவு, நின்று எரியும்.

வாங்கக்கூடாத கரி இரண்டு. தேக்கா பக்கம் பூசைச் சாமான் கடைகளில் வட்டவட்டமாகச் சாம்பிராணிக் கரி விற்பார்களே, அது ஒன்று. தீக்குச்சியைக் காட்டியதும் பொரிந்துகொண்டு பற்றுகிறது அல்லவா? அதற்காக அதில் வெடியுப்பு சேர்த்திருப்பார்கள். சாமிக்குப் புகை காட்ட வைத்துக்கொள்ளுங்கள், சோற்றுக்கு வேண்டாம். இன்னொன்று, உடனே பற்றும் திரவத்தில் முன்பே நனைத்த பிரிக்கெட். வேகமாகச் சுட்டுச் சாப்பிட அது உதவலாம். ஆனால் ஸ்மோக்கரில் பற்றாத கரி மேல் பற்றிய கரி போட்டு மணிக்கணக்கில் எரிய விடுவோம். அந்த எண்ணெய் வாடை கடைசிவரை இறைச்சியில் ஏறிக்கொண்டே இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். முதல் நாள் நான் போராடியபோது வந்து பார்த்த அம்மா, கரித்துண்டைக் கையில் எடுத்துவிட்டுச் சொன்னது: “நமுத்துப் போச்சுடா. அப்பளமே டப்பா திறந்திருந்தா நமுத்துடும், இது நமுக்காதா?” பையைப் பிரித்து மூன்று வாரம் முற்றத்தில் வைத்திருந்தேன். கரி முழுக்க நுண்ணிய துளைகள்தான், காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மூட்டும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை சூடு ஏறாது. வெடித்துப் பொறியும் பறக்கும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு மரக்கரித் துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்த கரி கிணுங்கென்று ஒலிக்கும், நமுத்தது பொத்தென்று சத்தம் போடும். நமுத்ததைத் தட்டில் பரப்பி, உச்சி வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்தால் மரக்கரி தேறிவிடும். பிரிக்கெட் நனைந்து உதிர ஆரம்பித்திருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். பிரித்த பையை அன்றே மூடி இறுகும் அரிசி டப்பாவில் கொட்டுங்கள். டப்பாவை நேரே சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.

புகைக்கு மரத்துண்டு வேண்டும் என்றால் சமையலுக்கென்று விற்கும் ஆப்பிள், ஹிக்கரி மரத்துண்டுகளை வாங்குங்கள். கட்டுமான இடத்துப் பலகையையும் சரக்குப் பலகையையும் வெட்டிப் போடாதீர்கள். சரக்குப் பலகையில் ‘எம்பி’ (MB) என்ற ஆங்கில எழுத்து முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு நச்சுப்புகை காட்டிய மரம். காய்ந்த கொட்டாங்குச்சி கொஞ்சம் போட்டுப் பார்த்தேன், நாரெல்லாம் சுரண்டிவிட்டால் வாசனை நன்றாகவே இருந்தது. மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள், வேண்டாம். ஈரத்தோடு போராடுவதே நமக்கு வேலையாக இருக்கிறது, நாமே போய் ஊறவைப்பானேன்?

4. நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்

இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு என்று வையுங்கள். எலும்போடு இரண்டு கிலோ ஆட்டுச் சப்பைக்கு ஆறு மணி நேரம், எடுத்ததும் ஆறவிட அரை மணி நேரம், சிம்னிக்கு 20 நிமிடம், அடுப்பு சூடு நிலைக்க 40 நிமிடம், எதிர்பாராத தாமதத்துக்கு ஒரு மணி நேரம். ஆக, காலை பத்தரைக்குத் தீக்குச்சியை எடுக்க வேண்டும். நான் முதல் நாள் மூன்று மணிக்கு எடுத்தேன்.

முதல் முறை சப்பை வேண்டாம், கோழித்தொடையில் தொடங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கெட்டாலும் நட்டம் பத்துப் பதினைந்து வெள்ளிதான்.

வானத்தையும் பாருங்கள். பிற்பகல் இடிமழை இங்கே புதிதல்ல. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் உச்சம். மழைமேகப் படத்தைக் காலையிலேயே பார்த்துவிட்டுத்தான் இறைச்சியை வெளியே எடுக்க வேண்டும். மழை வந்தால் கார் நிறுத்தும் கூரைக்கடியில் அடுப்பைத் தள்ளலாம் என்று தோன்றும். எரியும் அடுப்பை நகர்த்தவே கூடாது, அந்தப் பிளாஸ்டிக் கூரை உருகும். புகைமூட்டக் காலத்தில், காற்றே சரியில்லாத நாளில், நீங்களும் சேர்ந்து புகைபோட்டால் அக்கம்பக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள். சாதாரண நாளில்கூட முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அக்காவின் பக்கத்து வீட்டு ஆன்ட்டி சனிக்கிழமைதான் படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துக் காயப்போடுவார். அதனால் எங்கள் புகை ஞாயிற்றுக்கிழமைதான். அவருக்கு ஒரு தட்டு கோழியும் போகும்.

5. பற்றவைப்பது

அடுப்பைச் சுவர், வேலி, செடி எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளிச் சமதரையில் வையுங்கள். தண்ணீர்க் குழாயையோ ஒரு வாளி மணலையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தமிழ் முரசு இரண்டு தாள் எடுங்கள். படித்து முடித்ததாக இருக்கட்டும். அதில் சமையல் எண்ணெய் ஒரு கரண்டி தெளித்து, தளர்வாகக் கசக்கி, நடுவில் ஓட்டை இருக்கும்படி வளையமாகச் சிம்னிக்கு அடியில் வையுங்கள். இறுக்கித் திணித்தால் காற்று போகாது, வெறும் புகைதான் வரும். எண்ணெய் இருப்பதால் தாள் மெதுவாக, நெடுநேரம் எரியும். மேலே 25 பிரிக்கெட் போட்டு, அடுப்பின் கரித்தட்டு மேலேயே சிம்னியை நிறுத்திக் கொளுத்துங்கள். சிம்னியை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டாம், சூட்டில் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும்.

முதல் பத்து நிமிடம் அடர்ந்த வெள்ளைப் புகை வரும். பயந்து கிளறாதீர்கள். 15, 20 நிமிடத்தில் மேல்கரியின் ஓரம் சாம்பல் பூத்து, உள்ளே செந்தணல் தெரிந்தால் தயார். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். தணல் மங்குகிறது என்று எரியும் கரிமேல் திரவத்தை ஊற்றினால் தீ அந்தத் தாரையில் ஏறிக் கைக்கே வந்துவிடும்.

தணல் தயாரானதும் சிம்னியைக் கொஞ்சம் தூக்கித் தரையில் இருக்கும் உலோகத் தட்டில் வைத்துவிட்டு, கரித்தட்டில் பற்றாத பிரிக்கெட்டை முக்கால் பங்கு நிரப்புங்கள். இடையிடையே மூன்று நான்கு மரத்துண்டுகள். அதன் தலையில் அந்த 25 தணலையும் பரவலாகக் கொட்டுங்கள். மேலிருந்து கீழே மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டு போகும். முழுக் கரியையும் முதலிலேயே பற்றவைத்தால் ஒரு மணி நேரம் கொல்லன் உலை, அப்புறம் வெறும் சாம்பல்.

6. சூட்டை ஏறவிடாமல் பிடிப்பது

தண்ணீர்த் தட்டை நிரப்பி, மூடி போட்டு, எல்லாத் துளைகளையும் திறந்து வையுங்கள். உள்ளே 95 டிகிரி செல்சியசைத் தொட்டதும் கீழ்த் துளைகளைப் பாதிக்கு மேல் மூடிவிடுங்கள். 110 முதல் 120 வரைதான் நமக்கு வேண்டும். 150-க்கு ஏறிய பிறகு இறக்குவது பெரும்பாடு, ஏறும்போதே பிடிப்பது எளிது. மேல்துளையைக் கடைசிவரை மூடாதீர்கள். மூடினால் பழைய புகை உள்ளேயே தங்கி, இறைச்சி கரிச்சட்டி போலக் கசக்கும். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் மெல்லிய நீலப் புகை வந்த பிறகே இறைச்சியை வையுங்கள்.

திறந்து திறந்து பார்க்கும் அத்தானை உள்ளே அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு வெளியே போகும், காற்று உள்ளே புகுந்து தணலையும் தூண்டிவிடும். சப்பையின் உள்சூடு 65, 70 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம், ஏன் இரண்டு மணி நேரம்கூட அசையாமல் நிற்கும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் அப்படி. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கரியைக் கூட்டாதீர்கள். நார் நாராகப் பிய்ய 93 டிகிரி வேண்டும். கோழியானால் உள்ளே 74 டிகிரி கட்டாயம்.

7. அணைப்பதும் சாம்பலும்

எல்லாத் துளைகளையும் மூடுங்கள், காற்று இல்லாமல் தானே அணையும். தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆவி அடிக்கும், பூச்சு வெடிக்கும், ஈரச் சாம்பல் அடியில் களிபோல் ஒட்டிக்கொள்ளும். ஒரு முழு நாள் விட்டுவிட்டுச் சாம்பலை உலோக வாளியில் அள்ளி மூடி, இன்னொரு நாள் வையுங்கள். மேலே குளிர்ந்திருக்கும் சாம்பலுக்கு அடியில் தணல் உயிரோடு கிடக்கும். நேரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் குப்பைக் குழாயில் தள்ளிவிடாதீர்கள். வீவக புளோக்குகளில் குப்பைக் குழாய்த் தீ பழகிப்போன செய்தி, அதில் உங்கள் பங்கு வேண்டாம்.

மிஞ்சிய கரித்துண்டுகளைச் சாம்பல் உதறி டப்பாவில் போடுங்கள், அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை மட்டும் ஒருநாளும் அடுப்பிலேயே விட்டுவைக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக் காரக் கரைசலாகித் தகட்டைத் தின்னும். என் அடுப்பின் அடித்தட்டில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை விழுந்தது அப்படித்தான்.

8. பத்திரப்படுத்துவது

தண்ணீர்த் தட்டு முதலில். கொழுப்பு மிதக்கும் அந்தத் தண்ணீரை வடிகாலில் ஊற்றாதீர்கள். ஆறவைத்து, கொழுப்பு உறைந்ததும் வழித்துக் குப்பையில் போடுங்கள். தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு அகலத் தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் கொசுவாகிப் பறந்துவிடும். சோதனைக்கு வரும் அதிகாரி கண்ணில் பட்டால் அபராதம். உறையின் தலையில் குழிவிழுந்து தேங்கும் மழைநீரும் இதே கணக்கில்தான் சேரும்.

கம்பித்தட்டைச் சூடு இருக்கும்போதே சுரண்டி, ஆறியதும் சூரியகாந்தி எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லப் பூசுங்கள். வழிய வழியப் பூசினால் பிசுக்காகி, அதுவே பூஞ்சைக்குத் தீனி. முடிந்தால் தட்டை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பழைய செய்தித்தாளில் சுற்றி வையுங்கள்.

இப்போது அந்த 40 வெள்ளி உறை. வெளியே மழையைத் தடுக்கும், சரி. ஆனால் உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. வெயில் அடித்தால் உள்ளே வேர்க்கும், இரவில் சொட்டும். துளைகளை எல்லாம் மூடி, உறையைக் கால்வரை இழுத்துக் கட்டினால் இட்லிப்பானைதான். நான் இப்போது செய்வது: கூரை நிழலில், செங்கல் மேல் அடுப்பு, மேல் கீழ்த் துளைகள் முழுக்கத் திறந்து, மூடிக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு மரக்கரண்டி செருகி விரல் அகல இடைவெளி. உறையைச் சாரல் அடிக்கும் நாளில் மட்டும், இடுப்பளவுக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

வீட்டின் பாதுகாப்பு அறையில் வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். முழுக்கக் குளிர்ந்து, சாம்பல் அள்ளி, துடைத்த அடுப்பு என்றால் வைக்கலாம். கனத்த கதவைச் சாத்தினால் காற்றோட்டம் குறைந்த அறை அது. அரைகுறையாக அணைந்த கரியை அங்கே கொண்டுபோனால் உயிருக்கே ஆபத்து. ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை அடுப்புக்குள் வைத்துவிடுங்கள்.

9. பூஞ்சை பூத்தே விட்டால்

பதறித் தூக்கி எறிய வேண்டாம், பழைய சாமான் வாங்கும் கராங்குனிக்காரரையும் கூப்பிட வேண்டாம். பிளீச் ஊற்றவும் கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, பழைய கரி, சாம்பல், கொழுப்பு எல்லாவற்றையும் வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள். பூஞ்சை பிடித்த கரியை மறுபடி பயன்படுத்தக்கூடாது. பிறகு சிம்னி நிறையக் கரி மூட்டி உள்ளே கொட்டி, தண்ணீர்த் தட்டு இல்லாமல், துளைகளைத் திறந்து வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் 200 டிகிரிக்குக் குறையாமல் எரியவிடுங்கள். நாற்றம் வரும், தாங்கிக்கொள்ளுங்கள். ஆறியதும் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் கம்பித்தட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து எண்ணெய் பூசி, இன்னொரு முறை வெறும் அடுப்பாகச் சூடேற்றுங்கள். இரண்டு சிம்னி கரியும் ஒரு காலைப்பொழுதும் ஆகும்.

கம்பித் தூரிகையால் தேய்த்திருந்தால் கடைசியில் ஈரத்துணியால் தட்டை இருமுறை துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உதிர்ந்த கம்பி முள் ஒன்று கோழியில் ஒட்டிக்கொண்டு போனால் தொண்டையில் குத்தும். நான் தேய்த்த அன்று மூன்று முள் கிடைத்தது; அன்றே தூரிகையை வீசிவிட்டு, சுருட்டிய அலுமினியத் தாளால் தேய்க்க ஆரம்பித்தேன்.